ஆங்கிலம் தேவையில்லை!

தோட்டத்தில் வேலை, தங்க இடம், கூட்டிப் போக வேன், ஆங்கிலம் தேவையில்லை. ஆஸ்திரேலியாவுக்குள் கொரிய, ஜப்பானிய, சீன மொழிகளில் ஓயாமல் சுற்றிவரும் வேலை விளம்பரங்களைச் சுருக்கினால் இந்த நாலு விஷயம்தான் மிஞ்சும். மணிக்கு என்ன சம்பளம் என்பது பல விளம்பரங்களில் இருக்காது. தோட்டக்காரர் யார் என்பதும் இருக்காது. ஒரு செல்பேசி எண் இருக்கும். கூப்பிட்டால் எடுக்கிறவர் சொந்த மொழியில் பேசுவார். சியோலிலிருந்தோ தைப்பேயிலிருந்தோ வந்து இறங்கி, வங்கியில் கணக்குத் திறப்பதற்குள்ளேயே நாக்கு வறண்டுபோன பிள்ளைக்கு அந்தக் குரல் கடவுள் குரல்போல இருக்கும்.

ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த இளைஞன் வெளிநாட்டில் ஏமாந்தான் என்று கேள்விப்பட்டால், ஏமாற்றியவன் வெள்ளைக்காரன் என்றே நம் மனம் முடிவு கட்டிவிடுகிறது. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் ஆசிய இளைஞர்களைப் பொறுத்தவரை முதல் ஏமாற்று பெரும்பாலும் தாய்மொழியில்தான் நடக்கிறது. அதுவும் மரியாதையோடு, தம்பி தங்கை என்று உறவு கொண்டாடி.

இந்த விஷயம் இப்போது நமக்கும் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த நாட்டின் விடுமுறை வேலை விசா, ஆண்டுக்கு 1,000 பேர் என்ற கணக்கில் இந்தியர்களுக்கும் திறந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். நமக்கு முன்னால் போனவர்களின் அனுபவம் முதலில்.

பழம் காத்திருக்காது

‘ஒர்க்கிங் ஹாலிடே’ என்ற ஏற்பாட்டை ஆஸ்திரேலியா 1975-இல் தொடங்கியது. ஊரைச் சுற்றிப் பார்க்க வாருங்கள், கைச்செலவுக்கு நடுவே கொஞ்சம் வேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிரிட்டன், அயர்லாந்து, கனடா நாட்டு இளைஞர்களை அழைத்தது. மொழிப் பிரச்சினை என்ற பேச்சுக்கே அப்போது இடமில்லை. 1980-இல் ஜப்பான் சேர்ந்தது, 1995-இல் தென் கொரியா, 2004-இல் தைவான். பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி என்று ஐரோப்பாவும் வரிசையாக வந்தது.

இந்த நாடுகளுக்கான விசாவின் எண் 417. வயது 18-இலிருந்து 30-க்குள் இருக்க வேண்டும் (சில நாடுகளுக்கு 35 வரை). கையில் 5,000 டாலர் அளவுக்குப் பணம் காட்ட வேண்டும். ஒரு முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. நான்கு மாதம் வரை படிக்கலாம். ஆங்கிலத் தேர்வு கிடையாது. ஒசாகாவில் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் இலக்கணம் மட்டும் படித்து, ஒரு வாக்கியம்கூட வாய்விட்டுப் பேசியிராத பெண் இணையத்தில் விண்ணப்பித்து விமானம் ஏறிவிடலாம். ஏறுகிறார்கள்.

இன்னொரு விசா 462. சீனா, வியட்நாம், இந்தோனேசியா போன்ற நாடுகளுக்கு உரியது. இதற்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்று சான்று காட்ட வேண்டும். இந்தியர்களுக்குக் கிடைத்திருப்பதும் இதுதான்.

சுற்றுலாவாகத் தொடங்கியது கூலி வேலையாக மாறிய இடம் 2005 நவம்பர். இரண்டாவது ஆண்டும் தங்க ஆசையா, நகரத்தை விட்டு வெளியே போய் மூன்று மாதம் விவசாயம் போன்ற குறிப்பிட்ட வேலைகளைச் செய்துவிட்டு வா என்று அரசு சொன்னது. நாள் கணக்கில் 88. மூன்றாவது ஆண்டு வேண்டுமானால் இன்னும் ஆறு மாதம் என்று 2019 ஜூலையில் சேர்த்தார்கள். உள்ளூர்க்காரர்கள் அந்த வேலைக்கு வருவதில்லை, மரத்தில் பழுத்த பழம் யாருக்காகவும் காத்திருக்காது என்பதுதான் காரணம். குயின்ஸ்லாந்தின் பண்டபெர்க்கில் தக்காளியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும், காபூல்ச்சரில் ஸ்ட்ராபெரி, டல்லியிலும் இன்னிஸ்ஃபெயிலிலும் வாழை, மில்டியூராவில் திராட்சை, கிரிஃபித்தில் ஆரஞ்சு, டாஸ்மேனியாவில் செர்ரி, வடக்கே காத்தரினில் மாம்பழம். பருவத்துக்குப் பருவம் இடம் மாறிக்கொண்டே போகும் ஒரு இளைஞர் கூட்டம் இல்லாவிட்டால் அந்த நாட்டுச் சந்தைக்குக் காய்கனி வந்து சேர்வது திண்டாட்டம்தான்.

அது வெளிச்சமானது கொரோனா காலத்தில். 2020 ஏப்ரலில் பிரதமர் ஸ்காட் மோரிசன், தற்காலிக விசாவில் வந்தவர்கள் அவரவர் ஊருக்குப் போய்ச் சேருங்கள் என்றார். ஏறத்தாழ 1,40,000 பேராக இருந்த கூட்டம் 20,000 அளவுக்குக் கரைந்தது. 2022 ஜனவரியில் அதே பிரதமர், உடனே வந்தால் விசாக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம், வாருங்கள் என்று கூப்பிட்டார்.

ஏன் போகிறார்கள்?

ஆங்கிலம் கற்க என்பார்கள். அனுபவத்துக்காக என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் பணத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஆஸ்திரேலியாவின் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஜூலை முதல் மணிக்கு 24.95 டாலர். நிரந்தர வேலை இல்லாத தற்காலிக ஆளுக்கு விடுப்புச் சலுகைகள் இல்லை என்பதால் 25 சதவீதம் கூட்டித் தர வேண்டும். ஆக 31 டாலருக்குமேல். ஜப்பானில் குறைந்தபட்ச மணிக் கூலியின் தேசிய சராசரி 1,000 யென்னைத் தாண்டியதே 2023-இல்தான். அந்தக் காசுக்கு ஆஸ்திரேலியாவில் பத்து டாலர்தான் வரும். யென் சரியச் சரிய, 2022-23-இல் ஜப்பானிலிருந்து மட்டும் 14,000 பேருக்குமேல் இந்த விசா வாங்கினார்கள். அதுவரை அவ்வளவு பேர் போனதில்லை.

தைவானில் இது ஒரு தேசிய வாக்குவாதமாகவே ஆனது. அங்கே பட்டதாரிகளின் தொடக்கச் சம்பளம் 22,000 தைவான் டாலர் என்பது ஒரு கசப்பான வசைச்சொல்லாகவே புழங்கிய காலம். 2012-இல் அந்த நாட்டு வார இதழ் ஒன்று அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. பெயர்பெற்ற சிங் ஹுவா பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர் ஒருவர் ஆஸ்திரேலிய இறைச்சிக் கூடத்தில் வெட்டு வேலை செய்து பணம் சேர்க்கிறார் என்பது செய்தி. வீட்டுக்கு வீடு சண்டை. படித்த பிள்ளை கசாப்புக் கடைக்கா என்றது ஒரு பக்கம். இங்கே கொடுக்கும் சம்பளத்துக்கு அதுவே மேல் என்றது இன்னொரு பக்கம். எனக்கென்னவோ இரண்டாவது தரப்பு சொன்னதில்தான் நியாயம் அதிகம் தெரிகிறது. அந்தக் கட்டுரையைப் பார்த்துப் பயந்து யாரும் நின்றுவிட்டதாகவும் தெரியவில்லை.

வேன் வைத்திருக்கும் அண்ணன்

இனி விளம்பரத்துக்குப் பின்னால் இருப்பவரைப் பார்ப்போம். அவர் தோட்டக்காரர் அல்ல. காண்ட்ராக்டர். நம் ஊரில் மேஸ்திரி என்கிறோமே, அதே ஆள். தோட்டக்காரருக்கு நாளை காலை நாற்பது பேர் வேண்டும். நாற்பது பேரிடமும் தனித்தனியாகப் பேச அவருக்கு நேரமும் இல்லை, கொரியனும் தெரியாது. இளைஞர்களுக்குத் தோட்டக்காரரின் ஆங்கிலம் புரியாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் காண்ட்ராக்டரின் முதலீடு. அவரே சில வருஷம் முன்பு இதே விசாவில் வந்தவராக இருப்பார்.

அவர் காசு பார்க்கும் வழிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியவை. கூலியில் பிடிப்பது ஒன்று. பிறகு வீடு. மூன்று படுக்கையறை வீட்டில் பன்னிரண்டு பேரை அடைத்து ஆளுக்கு வாரம் இவ்வளவு என்று வாங்கினால் வாடகை போக நல்ல லாபம். வேனுக்குத் தினமும் தனிக் காசு. சேரும்போது கொடுத்த அட்வான்ஸ், சீக்கிரம் கிளம்பினால் திரும்பாது. வேலை இல்லாத வாரத்திலும் வாடகை ஓடும். ஆளைத் தேவைக்கு அதிகமாக வரவழைத்து வீட்டில் உட்கார்த்தி வைப்பது இதனால்தான். தோட்டத்தில் வேலை இல்லாவிட்டாலும் படுக்கை சம்பாதித்துக் கொடுத்துவிடும். வெள்ளைக்காரர்கள் நடத்தும் ‘ஒர்க்கிங் ஹாஸ்டல்’களிலும் இதே கணக்கு உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் அங்கே மாட்டுகிறார்கள்.

கூலி விஷயம்தான் நுணுக்கமானது. பல தோட்டங்களில் மணிக் கூலி கிடையாது. வாளிக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு. ஆப்பிள் பறித்துக் கொட்டும் மரத்தொட்டி ஒன்று நிரம்பினால் ஏறத்தாழ 400 கிலோ. சராசரித் திறமையுள்ள ஆள் குறைந்தபட்ச ஊதியத்தைவிட 15 சதவீதம் கூடுதலாகச் சம்பாதிக்கும்படி விலை வைக்க வேண்டும் என்பது பழைய விதி. சராசரித் திறமை என்றால் யார்? அதை முடிவு செய்தது விலை வைத்தவரேதான். பழம் காய்ந்துபோன கடைசி வாரத்தில் புதிதாக வந்தவர்களை இறக்கிவிட்டு, நீ மெதுவாகப் பறிக்கிறாய் என்று சொல்லிவிடலாம். காஃப்ஸ் ஹார்பர் பக்கத்து புளூபெரித் தோட்டங்களில் மணிக்கு மூன்று டாலர்கூடத் தேறாதவர்கள் இருந்தார்கள் என்று 2020-இல் ஓர் ஆய்வு சொன்னது. அடுத்த ஆண்டு வந்த தொழிற்சங்க ஆய்வறிக்கையின் தலைப்பே ‘நாளுக்கு 9 டாலர்’.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த 88 நாள். இரண்டாம் ஆண்டு விசாவுக்கு, நீ வேலை பார்த்தாய் என்பதற்கு ஆதாரம் வேண்டும். முன்பு முதலாளி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். அந்தக் கையெழுத்தே விற்பனைக்கு வந்தது. வேலை பார்க்காமல் கையெழுத்து வாங்கியவர்களும் உண்டு. வேலை பார்த்துவிட்டு, கையெழுத்துக்காகக் கூலியை விட்டுக்கொடுத்தவர்களும் உண்டு. 2015-இலிருந்து சம்பளச் சீட்டு காட்ட வேண்டும் என்று ஆக்கினார்கள். எழுபதாவது நாளில் நிற்கும் ஒருவனிடம், பிடிக்கவில்லையென்றால் போய்க்கொள் என்று சொன்னால் அவன் எங்கே போவான்?

தெரிந்தேதான்

பிள்ளைகளுக்குச் சட்டம் தெரியாது, தெரிவித்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஆஸ்திரேலிய அரசு நெடுநாள் நம்பியது. பல மொழிகளில் கையேடு அச்சடித்தது. 2016-இல் வேலை உரிமைகளைக் கவனிக்கும் ‘ஃபேர் ஒர்க்’ அலுவலகம் 417 விசாக்காரர்களிடம் விசாரித்து அறிக்கை தந்தது. குறைந்தபட்சத்துக்கும் கீழே சம்பளம் வாங்கியதாகச் சொன்னவர்கள் 35 சதவீதம். வேலை கிடைப்பதற்கே முன்பணம் கட்டியவர்கள் 14 சதவீதம். கையெழுத்துக்குக் காசு கொடுத்தவர்கள் 6 சதவீதம்.

அடுத்த ஆண்டு, லாரி பெர்க், பசினா ஃபார்பன்ப்ளம் என்ற இரு சட்டப் பேராசிரியர்கள் வெளிநாட்டு மாணவர்கள், விடுமுறை வேலை விசாப் பயணிகள் உள்ளிட்ட 4,322 தற்காலிக விசாக்காரர்களிடம் பல மொழிகளில் கேட்டார்கள். பயணிகளில் மூன்றில் ஒருவர் மணிக்கு 12 டாலரோ அதற்குக் குறைவோ வாங்கியிருந்தார். அதைவிட முக்கியம் இன்னொன்று. குறைவாக வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, சட்டப்படி தனக்கு வர வேண்டியது இதைவிட அதிகம் என்பது தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டேதான் வேலை பார்த்தார்கள். அவர்களின் அடுத்த அறிக்கைப்படி, கூலி குறைந்த நூறு பேரில் ஃபேர் ஒர்க் அலுவலகம்வரை போனவர்கள் மூன்றே பேர். போனவர்களிலும் பாதிக்குமேல் ஒரு காசும் மீட்கவில்லை.

ஆகவே அறியாமை என்ற விளக்கம் போதாது. கொரியப் பிள்ளைகள் தங்களுக்குள் வேலைகளை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். கொரியர் கொடுக்கும் வேலை ஒன்று, ‘ஓஜி ஜாப்’ எனப்படும் ஆஸ்திரேலியர் கொடுக்கும் வேலை இன்னொன்று. தைவான்காரர்களிடம் ‘கறுப்பு வேலை’, ‘வெள்ளை வேலை’ என்று பேச்சு. கறுப்பு என்றால் சீட்டில்லாமல் கையில் காசு. சிட்னியில் கடைக்கு விடியற்காலைச் சுத்தம் செய்யும் வேலையோ, சுஷிக் கடையில் சோறு உருட்டும் வேலையோ, முதலில் அதில் சேர்ந்து கொஞ்சம் ஆங்கிலம் பழகியதும் மேலே ஏறிவிடலாம் என்பது எல்லாருடைய திட்டமும். சுஷிக் கடைச் சமையலறையில் பேசுவது ஜப்பானியம். வீட்டுக்கு வந்தால் அறையிலிருக்கும் ஐந்து பேரும் ஜப்பானியர். ஒரு வருஷம் கழித்துத் திரும்பும்போது ஆங்கிலம் வந்த இடத்திலேயே நிற்கிறது.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது, அதை எந்தக் கணக்கெடுப்பாலும் பிடிக்க முடியாது. ஆங்கிலத்தில் அரைகுறையாகப் பேசுகிறவன், மணிக்கு எவ்வளவு என்று நேராகக் கேட்டுவிடுவான். சுற்றி வளைத்துக் கேட்க அவனுக்கு அந்த மொழி தெரியாது. சொந்த மொழியில் அப்படிக் கேட்க வாய் வராது. வயதில் மூத்தவர், முதல் நாள் ராத்திரி சாப்பாடு போட்டவர், விமான நிலையத்துக்கு வண்டி அனுப்பியவர். கொரியனில் அவர் அண்ணன் ஆகிவிட்டார். அண்ணனிடம் சம்பளச் சீட்டு கேட்பது மரியாதையா? கேட்டால், இவ்வளவு செய்தேனே என்று முகம் சுருங்கும். மொழி தெரியாததால் வந்த நஷ்டம் பாதி என்றால், மொழி நன்றாகத் தெரிந்ததால் வந்த நஷ்டம் மீதி.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். இதே சொந்த மொழிக் குழுக்களில்தான் எந்தக் காண்ட்ராக்டர் காசு தரமாட்டான், எந்த வீட்டில் மூட்டைப்பூச்சி என்ற பட்டியலும் சுற்றுகிறது. அரசாங்கக் கையேட்டைவிட அது வேகமாகப் போய்ச் சேருகிறது.

எந்த ஆங்கிலம்?

தோட்டத்துக்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்? எண்கள், நேரம், இடம் வலம், பச்சை எது பழுத்தது எது, நாளை வேலை உண்டா இல்லையா. காலை பத்து மணி இடைவேளைக்கு ‘ஸ்மோக்கோ’ என்று பெயர். பிற்பகலுக்கு ‘ஆர்வோ’. எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தச் சொற்கள் இல்லை, இரண்டே நாளில் யாருக்கும் பழகிவிடும். வாழைத் தோட்டத்தில் ஒருவர் மரத்தைக் கீறிச் சாய்ப்பார், கீழே நிற்பவர் தாரைத் தோளில் தாங்கி டிரெய்லருக்குச் சுமப்பார். தார் ஐம்பது கிலோவைத் தாண்டுவதும் உண்டு. அங்கே பேச்சே இல்லை, மூச்சுதான்.

ஆங்கிலம் உண்மையில் தேவைப்படுவது வேலைக்கு வெளியே. முக்கியமாக, டெலிபோனில். நேரில் கை காட்டலாம், முகம் பார்க்கலாம், எழுதிக் காட்டலாம். போனில் குரல் மட்டும்தான், அதுவும் மூக்கால் பேசும் குயின்ஸ்லாந்துக் குரல். நல்ல தோட்டங்கள், நேரடியாக ஆள் எடுக்கும் பேக்கிங் கூடங்கள், இறைச்சிக் கூடங்கள் போனில்தான் பேசுகின்றன. அந்த ஒரு அழைப்பை எடுக்கப் பயந்து மாதக்கணக்கில் காண்ட்ராக்டர் வேனில் போகிறவர்கள் எத்தனையோ பேர். புத்திசாலிகள் என்ன செய்கிறார்கள் என்றால், கேட்க வேண்டிய ஐந்தாறு கேள்விகளை எழுதி மனப்பாடம் செய்துவிட்டு, தங்களுக்கு வேண்டாத ஊர்த் தோட்டங்களுக்கு முதலில் போன் செய்து பழகுகிறார்கள். தடுமாறினால் வைத்துவிடலாம், நஷ்டமில்லை. பத்தாவது அழைப்பில் குரல் நடுங்குவது நிற்கும். அதற்குப் பிறகுதான் வேண்டிய இடத்துக்குக் கூப்பிடுவது.

ஜப்பானியர், கொரியர் மத்தியில் இன்னொரு வழக்கம் உண்டு. நேரே ஆஸ்திரேலியாவுக்குப் போகாமல் முதலில் பிலிப்பைன்ஸ். செபுவிலும் மலைநகரமான பாகியோவிலும் ஆங்கிலப் பயிற்சிப் பள்ளிகள் நிறைய. கொரியர்களே நடத்துபவை பல. ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியர், நாள் முழுக்கப் பேச்சு, தங்குமிடம் சாப்பாடு சேர்த்து, சிட்னியில் ஆகும் செலவைவிட எவ்வளவோ குறைவு. சில பள்ளிகளில் வளாகத்துக்குள் தாய்மொழி பேசினால் அபராதம், வார நாளில் வெளியே போக அனுமதி இல்லை. கான்வென்ட் கெடுபிடிதான். ஆனாலும் மூன்று மாதம் அங்கே வாயைத் திறந்து தப்புத் தப்பாகப் பேசிப் பழகியவர், அதே தேர்வு மதிப்பெண் உள்ள மற்றவரைவிட ஆஸ்திரேலியாவில் முன்னால் நிற்கிறார். ஆங்கிலம் இந்தியாவைப்போலவே பிலிப்பைன்ஸிலும் இரண்டாம் மொழி. இன்னொரு ஆசியரிடம் தடுமாறுவதில் வெட்கம் குறைவு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நகரத்தில் எல்லாரும் ஆசைப்படும் வேலை காபிக் கடை. ஆஸ்திரேலியர்களுக்குக் காபி ஒரு மதம். ஃப்ளாட் ஒயிட், லாங் பிளாக், கொழுப்பு நீக்கிய பாலில் கப்புச்சினோ, அதுவும் சூடு குறைவாக, பாதி டோஸ் என்று ஆளுக்கொரு நிபந்தனை. காலை ஏழரை மணி நெரிசலில் பேர் கேட்டு, ஆர்டர் கேட்டு, கோப்பையில் எழுதி, அடுத்த ஆளைப் பார்க்க வேண்டும். இங்கே இலக்கணம் உதவாது, காது உதவும். காபி இயந்திரத்தின் கைப்பழக்கத்தை ஒரு பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டு, ஒரு பக்க விண்ணப்பத்தை அச்சடித்து, தெருத் தெருவாகக் கடை ஏறி இறங்குவதுதான் வழி. பலர் நூறு கடை ஏறுகிறார்கள். கடைக்காரர் ‘டிரையல்’ என்று ஒரு நாள் வேலை வாங்கிப் பார்ப்பார். கை தெரிகிறதா என்று கொஞ்ச நேரம் பார்ப்பதற்குச் சட்டம் இடம் தருகிறது. முழு ஷிஃப்ட் வேலை வாங்கினால் சம்பளம் தர வேண்டும். இதைக் கேட்கவும் ஆங்கிலம் வேண்டும், பாருங்கள்.

புரியாத எச்சரிக்கை

மொழி இல்லாததால் உயிருக்கு ஆபத்து வரும் இடங்கள் இருக்கின்றன. மொழி தெரிந்தும் ஆபத்து வரும் இடங்களும் உண்டு. 2000 ஜூன் 23 அதிகாலை குயின்ஸ்லாந்தின் சில்டர்ஸ் ஊரில், பழம் பறிக்க வந்தவர்கள் தங்கியிருந்த பழைய மரக் கட்டட ஹாஸ்டலுக்கு ஒருவன் தீ வைத்தான். பதினைந்து பேர் செத்தார்கள். பிரிட்டிஷ், டச்சு, ஐரிஷ், ஆஸ்திரேலிய இளைஞர்களோடு ஒரு ஜப்பானியரும் ஒரு கொரியரும். புகை எச்சரிக்கை மணி வேலை செய்யவில்லை. ஆங்கிலம் தெரிந்தவர்களையும் அந்த மொழி காப்பாற்றவில்லை. 2016-இல் ஹோம் ஹில் என்ற ஊரின் ஹாஸ்டலில் நடந்த கொலையில் மகளைப் பறிகொடுத்த பிரிட்டிஷ் தாய் ரோஸி அய்லிஃப், 88 நாள் முறையில் நடக்கும் சுரண்டலை எதிர்த்துத் தொடர்ந்து பேசிவருகிறார். 2017-இல் ஏர் என்ற ஊர்ப் பக்கம் பூசணி பறித்த பெல்ஜிய இளைஞர் ஒருவர் வெயில் தாக்கி இறந்துபோனார். தலை சுற்றுகிறது, நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்வதற்குச் சொல்லும் வேண்டும், தைரியமும் வேண்டும்.

மருத்துவச் செலவில் ஒரு வேறுபாடு. பிரிட்டன், இத்தாலி, நெதர்லாந்து போன்ற சில நாட்டவருக்கு ஆஸ்திரேலிய அரசு மருத்துவ உதவி ஒப்பந்தப்படி கிடைக்கும். ஜப்பான், கொரியா, தைவான், இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. காப்பீடு எடுக்காமல் போவது முட்டாள்தனம். வேலையில் அடிபட்டால் மட்டும் எந்த விசாவானாலும் முதலாளி தரப்புக் காப்பீடு உண்டு. அங்கேயும் ஒரு கண்ணி வைத்திருக்கிறார்கள். ‘ஏபிஎன்’ என்ற தொழில் எண் ஒன்றை எடுத்துக்கொண்டு வா என்பார் சிலர். எடுத்தால் காகிதத்தில் நீ தொழிலாளி இல்லை, தனித் தொழில் செய்பவன். காப்பீடு, ஓய்வூதியப் பங்கு, குறைந்தபட்ச ஊதியம் எல்லாவற்றையும் அவர் தட்டிக் கழித்துவிடலாம். சாதாரண வேலையாளுக்கு வேண்டியது ‘டிஎஃப்என்’ என்ற வரி எண் மட்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு வசதியும் உண்டு. 131 450 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது. 1973-இல் தொடங்கியது. நூற்றைம்பதுக்குமேல் மொழிகள், தமிழும் உண்டு. அரசு அலுவலகத்துக்கோ ஃபேர் ஒர்க்குக்கோ பேச வேண்டுமானால் நடுவில் ஒருவர் வந்து மொழிபெயர்ப்பார். பெயர் சொல்லாமல் புகார் எழுதும் வசதியும் 2017 முதல் பல மொழிகளில் இருக்கிறது.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. பெட்டிக் கூலி வாங்குகிறவருக்கும் மணிக்கு இவ்வளவு என்ற அடிமட்டத் தொகை கட்டாயம் என்று 2022 ஏப்ரல் 28 முதல் நடைமுறை. வேண்டுமென்றே கூலியைத் திருடுவது 2025 ஜனவரி முதல் தேசிய அளவில் கிரிமினல் குற்றம். அதே அரசு இவர்களிடம் முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி பிடிக்கிறது. முதலாளி கட்டிய ஓய்வூதியப் பணத்தை நாடு திரும்பும்போது கேட்டால் 65 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறது. காண்ட்ராக்டரை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் இது மறந்துபோகும்.

நம் பிள்ளைகள்

இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 2022-இல் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தின் வழியாக வந்தது நம் 1,000 இடம். 2024 அக்டோபரில் முதல் குலுக்கலுக்கான பதிவு நடந்தது. பதிவுக்கு 25 ஆஸ்திரேலிய டாலர். பதிவு திறந்த கொஞ்ச நாளிலேயே ஏறத்தாழ 40,000 பேர். வயது 18 முதல் 30. பள்ளிக்குமேல் குறைந்தது இரண்டு வருஷப் படிப்பு. ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் தேர்வில் சராசரி 4.5 இருந்தால் போதும். ஒன்பதுக்கு நாலரை. தமிழ்வழியில் படித்துக் கல்லூரி முடித்த பிள்ளை கொஞ்சம் முயன்றால் எட்டிவிடும் மதிப்பெண்தான் இது. போனில் பேசுவதற்கு அது போதாது.

போய் இறங்கினால் சிட்னியில் பெண்டில் ஹில், வெண்ட்வொர்த்வில், மெல்போர்னில் டாண்டினாங் பக்கம் தமிழ்க் கடைகள், தமிழ்ச் சாப்பாடு. முதல் வாரத்துக்கு அதைவிட நிம்மதி வேறில்லை. ஈழத்திலிருந்து வந்து வேரூன்றிய குடும்பங்கள் பல, உதவிக்குத் தயங்காதவர்கள். காஃப்ஸ் ஹார்பருக்கு அருகே ஊல்கூல்கா என்ற ஊரில் வாழையும் புளூபெரியும் பயிரிடும் பஞ்சாபிக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. இந்தியத் தோட்டக்காரர், இந்திய வேலையாள், நடுவில் இந்தியக் காண்ட்ராக்டர் என்று ஒரு வட்டம் அமைய எல்லாமே தயாராக இருக்கிறது. கொரியரும் தைவானியரும் போன வழி அதுதான்.

நம் விசாவிலும் இரண்டாம் ஆண்டுக்கு மூன்று மாதம், குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட வேலை பார்த்திருக்க வேண்டும். ஆகவே தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் தமிழ் வாட்ஸ்அப் குழுக்கள் உருவாக அதிக நாளாகாது. அதில் பேசுகிறவர் நல்லவராகவே இருக்கலாம். முதல் பேச்சிலேயே, வேனில் ஏறுவதற்கு முன்னால், அண்ணா என்று கூப்பிட்டே கேட்டுவிடலாம்: மணிக்கு எவ்வளவு அண்ணா, சீட்டு யார் பெயரில் வரும், வாடகையைச் சம்பளத்தில் பிடிப்பீங்களா தனியா வாங்குவீங்களா?